அல்லி வாயைத் திறந்த மறுநாள்

இன்னும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கல. நான் கூடுவாஞ்சேரியில ஏறி, பவுனு அக்கா கைப்பையைப் போட்டுப் பிடிச்சு வெச்சிருந்த ஜன்னல் சீட்ல உக்காந்து, ஊரப்பாக்கமும் தாண்டியாச்சு, அக்கா இன்னும் அவங்க தெரு தண்ணி மோட்டார் கதையையே ஓட்டிக்கிட்டிருக்கு. மோட்டார் கெடக்குது அக்கா, நேத்து ராத்திரி சீரியல் பாத்தீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க. பாக்காம இருந்திருக்காது. வீட்டுல இடியே விழுந்தாலும் ஒம்பதரைக்கு டிவி முன்னால உக்காந்து எந்திரிச்சுட்டுத்தான் மத்ததுன்னு அதுவே சொல்லியிருக்கு. நேத்து எபிசோட்ல அல்லி வாயைத் திறந்தா. ஒன்றரை மாசமா மௌன விரதம் இருந்தவ, என்ன சொல்லப் போறான்னு எல்லாரையும் காக்க வெச்சவ, நேத்துப் பேசிட்டா. ரெண்டே வார்த்தை. அந்த ரெண்டு வார்த்தையும் நான் பேசினது. முகம் பெங்களூர்ப் பொண்ணோடது, கண்ணீர் கிளிசரின், குரல் மட்டும் என்னோடது. மூணு வருஷமா அல்லி அழுதா நான் அழுதிருக்கேன், அல்லி கத்தினா நான் கத்தியிருக்கேன், கோடம்பாக்கத்துல ஒரு சின்ன ரூம்ல, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, ஏசி குளிருக்கு சால்வையைப் போத்திக்கிட்டு, அந்தப் பொண்ணு உதட்டையே பாத்துக்கிட்டு. இந்தப் பெட்டியில ஒருத்தருக்கும் அது தெரியாது. இவங்களைப் பொறுத்தவரைக்கும் நான் ஊமை.

ஊமைன்னு நானா சொல்லிக்கல. இந்த லேடீஸ் பெட்டியில முதல் தடவை ஏறினப்ப, அதுக்கு முந்தின நாள்தான் அல்லியோட கல்யாணம் நின்னுபோற சீன் பேசியிருந்தேன். நாள் முழுக்கக் கதறல். கதறின மறுநாள் வாயைத் திறக்கக்கூடாது, எங்க தொழில்ல அது வழக்கம், வீட்டுலகூட கை ஜாடைதான். பவுனு அக்கா நகந்து இடம் குடுத்து எங்கம்மா இறங்கணும்னு கேட்டுது. ஃபோன்ல கோடம்பாக்கம்னு எழுதிக் காட்டினேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்துச்சு. அப்புறம் பக்கத்துல இருந்த இந்துமதிகிட்ட, பாவம்டி, காது நல்லா கேக்குது, பேச்சுதான் வரலன்னு சொல்லிட்டு, டப்பா மூடியில ரெண்டு இட்லியை வெச்சு என்கிட்ட நீட்டிடுச்சு. வாய் நிறைய இட்லியை வெச்சுக்கிட்டு அய்யோ நான் ஊமை இல்லைங்கன்னு எப்படிச் சொல்றது? சொல்லலாம்னு முழுங்கறதுக்குள்ள அவங்க அல்லியைப் பத்தி ஆரம்பிச்சுட்டாங்க. முந்தின வாரம் நிச்சயதார்த்தத்துல அல்லி அழுத அழுகை. அந்த அழுகை நல்லாருந்துச்சா இல்லையான்னு இந்துமதியும் அக்காவும் மல்லுக்கட்டறாங்க, அந்தப் பக்கம் உக்காந்திருந்த ரெஜினா மெதுவா ஒண்ணு சொன்னா. அழறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுத்தா பாருங்க, அதுதான் நடிப்பு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. அந்த மூச்சு நான் இழுத்தது. என் வீட்டுக்காரரே அதைக் கவனிச்சதில்ல. அப்புறம் எங்கருந்து வாயைத் திறக்கறது. திறந்தா குரலைக் கண்டுபிடிச்சுருவாங்க, கண்டுபிடிச்சுட்டா மூஞ்சிக்கு நேரா யாரு குறை சொல்லுவா? எல்லாம் சூப்பர்ங்க, பிரமாதம்ங்கன்னு ஆயிடும். இப்படியே ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு.

ஊமையா இருக்கறதுல ஒரு சுகம் இருக்கத்தான் செய்யுது. ஊமைகிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லுன்னு நினைச்சு எல்லாத்தையும் கொட்டுவாங்க. பவுனு அக்கா நுங்கம்பாக்கத்துல ஒரு ஸ்கூல்ல ஆயா வேலை பாக்குது, அங்க இருக்கற டீச்சருங்க ஒவ்வொருத்தர் குடும்பக் கதையும் எனக்கு அத்துப்படி. இந்துமதி மாம்பலத்துல துணிக்கடையில சேலை செக்‌ஷன், அவளுக்கு வந்து நின்னு தட்டிப்போன மாப்பிள்ளைங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். ரெஜினா மட்டும் சொந்தக் கதை எதுவும் சொல்லமாட்டா. பீச் ஸ்டேஷன் பக்கத்துல ஏதோ கப்பல் ஆபீஸ், ஞாயித்துக்கிழமை சர்ச் கொயர்ல பாடறவ. அவ வாயிலருந்து வர்றதெல்லாம் அல்லியைப் பத்தி ஒரு வாக்கியம், ரெண்டு வாக்கியம், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இந்த வண்டிக்கு ஓடி வர்றேன். சேனல்காரன் இத்தனை பேர் பாத்தாங்கன்னு நம்பர் காட்டுவான், டைரக்டர் கைதட்டுவாரு, எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரெஜினா நல்லாருந்துச்சுன்னு சொன்னாதான் எனக்கு நல்லாருந்துச்சு. இன்னிக்கு அவ ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா.

வண்டலூர். இந்துமதி என் கழுத்தையே பாக்கறா. துப்பட்டாவை இழுத்து விட்டுக்கிட்டேன். தழும்பு தெரியுது போல, மெல்லிசா ஒரு சங்கிலி போட்ட மாதிரி இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் வரைக்கும். தைராய்டு கட்டி. கெட்ட கட்டி இல்லைன்னு ஆயிடுச்சு, அது பெரிய புண்ணியம், ஆனா டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு, கட்டிக்குப் பின்னாலயே குரலுக்குப் போற நரம்பு ஒண்ணு ஓடுதாம், நூல் கணக்கா இருக்குமாம், அது மேல கை படாம எடுக்கணுமாம், அப்படியே எடுத்தாலும் சில பேருக்குக் குரல் கொஞ்சம் மாறலாமாம். கொஞ்சம்னு சொன்னாரு. அவருக்குக் கொஞ்சம். குரல் மாறின மளிகைக்கடைக்காரன் கடைய மூடப் போறானா? ஆபரேஷன் முடிஞ்சு முதல் தடவை ஊருக்கு ஃபோன் போட்டேன், அம்மான்னு சொன்னேன், அந்தப் பக்கத்துலருந்து எங்கம்மா கேக்கறா, யாரு பேசுதது? என்னைப் பெத்தவ. கோமதிம்மா நான், கோமதின்னு சொன்ன பிறகு, ஏட்டி சளி பிடிச்சிருக்கான்னு கேட்டா, கசாயம் போட்டுக் குடின்னா, சாதாரணமாத்தான் பேசினா. ஆனா அந்த யாரு பேசுதது அப்படியே காதுல உக்காந்துக்கிச்சு. பாத்திரம் கழுவறப்ப கேக்குது, தூக்கத்துல கேக்குது. வீட்டுக்காரர் பழையபடியே இருக்குன்னு சத்தியம் பண்றாரு. குழம்புல உப்பே போடலைன்னாலும் நல்லாருக்குங்கற மனுஷன், அவர் சத்தியத்தை வெச்சு நான் என்ன பண்ணட்டும்.

பவுனு அக்கா இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கு. ஒன்றரை மாசம் கழிச்சு நான் ஏறினதும் என் தாடையைப் பிடிச்சுத் தூக்கிக் கழுத்தைப் பாத்துச்சு, கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்துச்சு, ஒரு விபூதிப் பொட்டலத்தை என் கையில திணிச்சு விரலை மடக்கி விட்டுச்சு. என்னன்னு ஜாடையில கேட்டா, அப்புறம் அப்புறம்னு தலையாட்டிச்சு. பரிதாபம். எனக்கு இந்தப் பரிதாபம் பிடிக்காது, ஆனா விபூதியை வேண்டாம்னு சொல்ல முடியுமா. பூசிக்கிட்டேன். இந்துமதியும் அக்காவும் கண்ணாலயே எதையோ பேசிக்கறாங்க. என்ன பேசிக்கறாங்களோ. ஒருவேளை நேத்து எபிசோட்ல ஏதோ கேட்டுட்டு, ச்சே, இவங்களுக்கு என்ன சம்பந்தம், அல்லி குரலுக்கும் என் கழுத்துக்கும் முடிச்சுப் போட இவங்களால முடியாது. பயம் வந்துட்டா எல்லாரும் நம்மைப் பத்தியே பேசற மாதிரிதான் தோணும். பெருங்களத்தூர்ல காத்து குளிர்ந்து அடிச்சுச்சு. தொண்டைக்கு ஆகாதுன்னு ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கினேன். இறக்கிட்டு எச்சிலை முழுங்கிப் பாத்தேன். முழுங்கறப்ப ஒரு இழுப்பு இருக்கு இன்னும்.

அல்லியை ஊமையாக்கினது அருளானந்தம் சார்தான். டப்பிங்குக்குப் பொறுப்பு அவரு. நான் ஆபரேஷன்னு போய் நின்னதும் வேற குரலைப் போட்டுக்கலாம், ஜனங்க ரெண்டு நாள்ல பழகிக்குவாங்கன்னு சேனல்ல சொன்னாங்க. சார் நேரா கதை எழுதறவர்கிட்ட போயி, ஒன்றரை மாசத்துக்கு அல்லி பேசாம இருக்க ஏதாவது வழி இருக்கான்னு கேட்டாரு. அந்த மனுஷனுக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடற மாதிரி. மறுநாளே மாமியார்க்காரி மரகதம் மாடிப்படியில உருண்டு விழுந்து கோமாவுக்குப் போயிட்டா, அத்தை கண்ணு திறக்கற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்னு அல்லி அம்மன் முன்னால சூடம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டா. அந்தச் சத்தியத்தை மட்டும் ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முந்தின நாள் பேசிக் குடுத்துட்டுப் போனேன். அப்புறம் நான் வீட்டுல பேசாம கிடக்கறேன், அவ டிவியில பேசாம கிடக்கறா. கூத்து என்னன்னா, நான் பேசாத அந்த ஒன்றரை மாசத்துலதான் சீரியல் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியல. மரகதம் கண்ணு திறக்கற சீனுக்கு ஒரு பக்கம் வசனம் எழுதி வெச்சிருந்தாங்க. டாக்டர் ஒரு பக்கத்துக்கெல்லாம் விடமாட்டாருன்னு சார் எல்லாத்தையும் அடிச்சுட்டு ரெண்டே வார்த்தையை விட்டாரு. சாப்பிட்டீங்களா அத்தை. அன்னிக்கு வீட்டுக்காரர்தான் பைக்ல கூட்டிட்டுப் போயி விட்டாரு. ரெண்டு வார்த்தைக்கு எத்தனை டேக் போனேன்னு எனக்கே தெரியாது. கடைசியில சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலருந்து பரவாயில்ல கோமதின்னாரு. இத்தனை வருஷத்துல ஓக்கேன்னு சொல்லியிருக்காரு, இன்னொண்ணு போலாம்னு சொல்லியிருக்காரு, எழவெடுத்தவளே உயிரைக் குடுடின்னு திட்டிக்கூட இருக்காரு. பரவாயில்லன்னு சொன்னதே இல்ல. இன்னிக்கு மத்தியானம் சேனல்லருந்து ஆள் வர்றாங்க. வேற ஒரு சின்னப் பொண்ணு குரலை எடுத்து வெச்சிருக்காங்களாம், மணி மாதிரி இருக்காம். நேத்து எபிசோடுக்கு ஜனங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு, அல்லி இனி என் குரலா அவ குரலான்னு இன்னிக்கே முடிவு பண்ணிருவாங்க. எனக்கு ஜனங்கன்னா இந்த மூணு பேருதான்.

தாம்பரத்துல கூட்டம் திமுதிமுன்னு ஏறிச்சு, அந்த நெரிசல்ல எப்படியோ பேச்சு அல்லிகிட்ட வந்துடுச்சு. பவுனு அக்காதான் ஆரம்பிச்சுது. ஏன்டி இந்து, அந்தப் பொம்பளைக்கு மூக்குல ஒரு குழாய், வாயில ஒரு குழாய், இப்பத்தான் கண்ணே திறக்கறா, அவகிட்டப் போயி சாப்பிட்டீங்களாங்கறாளே, என்னத்தைடி சாப்பிட்டிருப்பா, குளுக்கோஸையா? சுத்தி நின்ன நாலு பேரு சிரிச்சுட்டாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, பயத்துலயும் சிரிப்பு வருது பாருங்க. அக்கா விடல. ஒன்றரை மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தவ, நகையைத் திருடினவன்னு பழி போட்டு நடுத்தெருவுல நிக்க வெச்ச மாமியாரைப் பாத்து, இப்ப சொல்லுங்க யாரு திருடின்னு நறுக்குன்னு கேக்க வேணாமா, சாப்பிட்டீங்களாவாம், இவளுங்களாலதான் மாமியாருங்க ஆடறாளுங்கன்னு தன் மாமியாரையும் சேத்து நாலு போடு போட்டுச்சு. இந்துமதிக்கு மூக்கு மேல கோவம். உங்களுக்கு அல்லியைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுக்கா, அவ அப்படிக் கேட்டாதான் மரகதத்துக்கு உறைக்கும், எனக்கு அழுகையே வந்துடுச்சு, எங்க வீட்டுல எங்கப்பாகூட கண்ணைத் துடைச்சுக்கிட்டாருன்னா. மரகதமா நடிக்கிற அம்மா ஒண்ணுமே பேசாம ஒரு சொட்டுக் கண்ணீரை மட்டும் காது பக்கமா விட்டாங்களே, அதை அவ சொல்லிச் சொல்லி மாஞ்சுபோனா. கண்ணைப் பத்திப் பேசறாங்க, கண்ணீரைப் பத்திப் பேசறாங்க, மூக்குக் குழாயைப் பத்திக்கூடப் பேசியாச்சு. குரலைப் பத்தி ஒரு பேச்சு இல்ல. இல்லாதது நல்லதா கெட்டதா? வித்தியாசமே தெரியலைன்னா நல்லது. தெரிஞ்சும் சொல்லாம இருந்தா? இவங்க சொல்லாம இருக்கற ஆளுங்களா?

குரோம்பேட்டை தாண்டினதும் இந்துமதி குரலைத் தாழ்த்திக்கிட்டு, ஆனா நேத்து அல்லிகிட்ட ஏதோ ஒண்ணு மாறிப்போயிருந்துச்சுக்கா, கவனிச்சீங்களான்னு கேட்டா. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். வந்துடுச்சு. இதோ சொல்லப் போறா. பல்லாவரம் மலை தெரியுது, வெட்டின பாறை வெள்ளையா, அதையே பாக்கறேன், பாறையை எண்ணிக்கிட்டு இருந்தா கேக்காதுன்னு மனசு சொல்லுது, அல்லி வாயசைச்சப்ப நான் பிந்திட்டேனோ, சா-வுல காத்து கலந்துடுச்சோ, அத்தைங்கறது கீழ இறங்கிப்போச்சோ, யாரு பேசுதது, யாரு பேசுதது. அக்கா என்னடின்னுது. இந்துமதி சொல்றா, ஆஸ்பத்திரிக்குள்ள நுழையறப்ப கல்லு வெச்ச தோடு போட்டிருந்தாளாம், கட்டில்கிட்ட வர்றப்ப ஜிமிக்கியாம். அடிப்பாவி. கம்மலைச் சொல்றதுக்கா இந்த ரகசியம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவ தலையில நங்குன்னு ஒரு குட்டு வெச்சிருப்பேன். அப்புறம் மூச்சு வந்துச்சு, நெஞ்சு லேசா ஆச்சு, சரி, சேலைக்கடைக்காரிக்கு நகைதான் தெரியும், நல்லவேளை, நல்லவேளைன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அக்காவும் இந்துமதியும் கம்மல் மாறினதுக்கு எடிட்டிங்காரனைத் திட்ட ஆரம்பிச்சாங்க. திரிசூலத்துல வண்டி நின்னு கிளம்பறப்ப ரெஜினா ஜன்னல்லருந்து முகத்தைத் திருப்பினா.

"கம்மல் மாறினது இருக்கட்டும். குரல் மாறிடுச்சு, அது உங்க யாருக்கும் கேக்கலையா?"

அவ்வளவுதான். ரெஜினா இதுக்கு மேல சத்தமா பேசினதே இல்ல. அக்காவுக்குப் புரியல, அந்தப் பொண்ணுக்குச் சளி பிடிச்சிருக்கும்னுது. இந்துமதி, இல்லக்கா ரொம்ப நாள் கழிச்சுப் பேசறால்ல, தொண்டை கட்டினாப்பல பேசி நடிச்சிருக்கா, அதுதான் நடிப்புன்னா. ரெஜினா தலையை ஆட்டறா. அந்தப் பொண்ணு சொந்தக் குரல்ல பேசறதில்ல இந்து, பின்னால ஒருத்தங்க பேசறாங்க, அவங்க யாருன்னு தெரியாது, ஆனா அவங்க பேசறது எனக்குத் தெரியும், நேத்துப் பேசினது அவங்க இல்ல, வேற யாரையோ போட்டுட்டாங்க, எனக்கு மனசே சரியில்ல, பாதியில எந்திரிச்சுப் போயிட்டேன்னு சொன்னா. பாதியில எந்திரிச்சுப் போயிட்டேன். ரெண்டே வார்த்தை பேசினதுக்கு பாதியில எந்திரிச்சுப் போயிட்டாளாம். மீனம்பாக்கம், பழவந்தாங்கல், ஒண்ணும் என் கண்ணுக்குத் தெரியல. கண்ணு கலங்கிக் கலங்கி வருது, ஊமைக்கு எதுக்குடி கண்ணீர்னு கேட்டா என்ன சொல்றது. அம்மாவுக்குத் தெரியல, ரெஜினாவுக்கும் தெரியல. அப்ப நான் இல்ல அது. வேற யாரோ. ஆபரேஷன் டேபிள்ல கட்டியோட சேத்து என்னையும் வெட்டி எடுத்துட்டாங்க. மத்தியானம் அந்த மணி மாதிரிப் பொண்ணு வரட்டும், நல்லா இருக்கட்டும், எனக்கு என்ன, ஊமைன்னு பேரு வாங்கியாச்சு, அதையே மெய்யாக்கிக்கிட்டு வீட்டுல உக்காந்துடலாம். ஆனா ஒரு ஓரத்துல இன்னொண்ணும் ஓடுது, நிறுத்தவே முடியல. அவங்க பேசறது எனக்குத் தெரியும்னாளே. பேரு தெரியாத, முகம் தெரியாத என்னை ஒருத்தி இத்தனை நாளா தனியா பிரிச்சுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. நான் இல்லைன்னதும் மனசு சரியில்லாம எந்திரிச்சுப் போயிருக்கா. இதுக்கு அழறதா, அதுக்கு அழறதா? பரங்கிமலையில மூக்கைச் சிந்தினேன்.

கிண்டி வந்து கொஞ்சம் கூட்டம் இறங்கினதும் பவுனு அக்கா டப்பாவைத் திறந்துது. இட்லிக்குப் பொடி தடவி வெச்சிருந்துச்சு, நல்லெண்ணெய் வாசனை. வழக்கம்போல என்னைப் பாத்து அஞ்சு விரலையும் குவிச்சு வாய்கிட்ட கொண்டு போயி, தலையை மேல அசைச்சுக் கேட்டுது, சாப்பிட்டியா? இத்தனை நாளா தினம் தினம் கேக்கறதுதான். நானும் தினம் வயித்தைத் தடவிக் காட்டுவேன், அது கேக்காம வெச்சுக் குடுக்கும். இன்னிக்குக் கேட்டுட்டு அக்கா டப்பாவை மடியில வெச்சுட்டு என்னையே பாத்துச்சு. இந்துமதியும் பாக்கறா. அக்கா என் பக்கமா குனிஞ்சு, வாயை நல்லா அசைச்சு, சின்னப் பிள்ளைகிட்டப் பேசற மாதிரி மெதுவா கேட்டுது.

"ஆபரேஷன் பண்ணிட்டாங்கல்ல தாயி? பேச்சு வந்துருச்சா?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கல. அப்புறம்தான் உறைச்சுது. கழுத்துத் தழும்பு. ஒன்றரை மாசம் ஆளைக் காணோம். நான் பேச்சு வரவழைக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன்னு இவங்க நினைச்சுட்டாங்க. இந்துமதிதான் மீதியைச் சொன்னா, அக்கா என் பேருக்கு வேண்டிக்கிட்டு ஒவ்வொரு கிருத்திகைக்கும் குமரன் குன்றம் படி ஏறியிருக்கு, முட்டி வலியோட. பேரே தெரியாதே, என் பேருக்கு எப்படிடி வேண்டிக்கிட்டுதுன்னு இருந்துச்சு. ஜன்னல் சீட்டுப் பொண்ணுன்னு சொல்லி வேண்டிக்கிச்சாம். வந்தா வரட்டும், வராட்டியும் பரவாயில்ல, நீ இருந்தாப் போதும்னு அக்கா என் கையைத் தட்டிக் குடுக்குது. இதே பரவாயில்லையை அருளானந்தம் சார் சொன்னப்ப எனக்கு உயிரே போச்சு, இந்தம்மா சொன்னா அதுக்கு வேற அர்த்தமா இருக்கு. இனி எதை மறைச்சு என்ன ஆகப் போவுது. ரெஜினாதான் தீர்ப்பு சொல்லிட்டாளே. போன குரலுக்கு எதுக்குக் காவல்? தொண்டையைச் செருமக்கூட இல்ல. மூச்சு இழுத்தேனா, அதுவும் ஞாபகம் இல்ல. இட்லி வாசனையைப் பிடிச்சுக்கிட்டு, எங்க வீட்டு அடுப்படியில பேசற மாதிரிப் பேசிட்டேன்.

"இன்னும் சாப்பிடலக்கா. நீங்க சாப்பிட்டீங்களா?"

வண்டி அடையாறு பாலத்து மேல கடகடன்னு போயிக்கிட்டிருந்துச்சு. அக்கா வாயைப் பொத்திக்கிச்சு. இந்துமதி என்னைப் பாத்தா, ரெஜினாவைப் பாத்தா, அவ கையில மயிர் நின்னது எனக்கே தெரிஞ்சுது. ரெஜினா எந்திரிச்சு நின்னுட்டா. எதுக்கு எந்திரிச்சோம்னு தெரியாம மேல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா, கண்ணு என் வாய் மேல இருக்கு.

"இதுதான். இதுதான் அல்லி."

எனக்குக் காது அடைச்ச மாதிரி ஆயிடுச்சு. என்ன சொன்னா? இதுதான்னா. மத்தியானம் சேனல்காரன் வந்து என்னவோ சொல்லிக்கட்டும், கொயர்ல பாடறவ சொல்லிட்டா, இதுதான்னு. அம்மா இப்ப ஃபோன்ல இருந்தா கேட்டிருப்பா, கோமதியான்னு கேட்டிருப்பா. அடைச்சுக் கிடந்த என்னமோ ஒண்ணு நெஞ்சுக்குள்ள பொத்துனு விட்டுப்போச்சு, நான் சிரிக்கறேன், கண்ணுல தண்ணி ஊத்துது, அதைத் துடைக்கவும் தோணல. பவுனு அக்கா அதுக்குள்ள பெட்டி முழுக்கச் சொல்லியாச்சு. கேட்டீங்களாடி, பேச்சுக் குடு முருகான்னுதான் கேட்டேன், அல்லி குரலையே தூக்கிக் குடுத்துட்டான்டி என் அப்பன்! நின்னவங்க உக்காந்தவங்க எல்லாரும் எட்டிப் பாக்கறாங்க, ஒரு கிழவி இன்னொரு தடவை பேசச் சொல்லுன்னு அக்காவைப் பிடிச்சு ஆட்டுது. நான் என்ன சொல்ல, முருகன் குடுக்கல, முன்னாடியே இருந்துச்சுன்னா? சொல்லலாம். சொல்லித்தான் ஆகணும். ஆனா முட்டி வலியோட படி ஏறின பொம்பளைகிட்ட இன்னிக்கே சொல்லணுமா என்ன, நாளைக்கும் இதே வண்டிதான். மாம்பலத்துல இந்துமதி இறங்க மனசில்லாம இறங்கினா. பிளாட்பாரத்துல நின்னு ஜன்னல் வழியா, பேரு என்னன்னு கேட்டா. கோமதின்னு சொன்னேன். அதையும் அல்லி சொன்ன மாதிரியே இருக்குன்னு குதிச்சா.

கோடம்பாக்கம் வர்றதுக்குள்ள நான் வாசலுக்கு நகந்துட்டேன். ரெஜினாவும் கூட வந்து பக்கத்துல நின்னா. அவ இறங்க வேண்டியது பீச், இங்க அவளுக்கு என்ன வேலை. காத்துல அவ முடி என் தோள்ல பட்டுச்சு. அக்கா பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னா.

"நேத்து பயந்துக்கிட்டே பேசியிருக்கீங்க. அதான் எனக்கு வேற ஆள் மாதிரி கேட்டுது. இப்ப பேசினீங்களே, அப்படியே பேசுங்க."

எப்ப தெரிஞ்சுதுன்னு கேக்க வாயைத் திறந்தேன். தினமும் கோடம்பாக்கத்துல இறங்கறவங்க, சீரியலுக்குக் குரல் குடுக்கறது அங்கதானேன்னு மட்டும் சொல்லிட்டுச் சிரிச்சா. யார்கிட்டயும் சொல்லமாட்டான்னு அந்தச் சிரிப்பைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. பயம். அட, ஆமா. ரூமுக்குள்ள அன்னிக்கு நான் அல்லியைப் பாக்கவே இல்ல, அந்தப் பொண்ணு உதட்டைக்கூடப் பாக்கல, என் தொண்டையையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். அத்தை சாப்பிட்டாளான்னு எனக்கு அன்னிக்கு என்ன கவலை. பவுனு அக்கா சாப்பிட்டுச்சான்னு இன்னிக்குக் கேட்டேன், நெசமாத்தான் கேட்டேன். மத்தியானம் சேனல் ஆளு வந்ததும் அருளானந்தம் சார்கிட்ட இன்னொண்ணு போலாம் சார்னு நானே கேக்கப் போறேன். அந்த ஒரு டேக்குக்கு அப்புறம் அவங்க யாரை வேணா கூட்டிட்டு வரட்டும்.

இறங்கினேன். வண்டி கிளம்பிச்சு. பவுனு அக்கா ஜன்னல் கம்பியில முகத்தை வெச்சுக்கிட்டு, நான் இட்லி டப்பாவை வாங்காம இறங்கிட்டேன்னு கோவத்துல, பழைய ஞாபகத்துல, விரலைக் குவிச்சு வாய்கிட்ட வெச்சு வெச்சுக் காட்டுது, ஒழுங்கா சாப்பிடு, ஒழுங்கா சாப்பிடுன்னு. நானும் பழைய ஞாபகத்துல தலையை ஆட்டிட்டேன். ஆட்டினதுக்கு அப்புறம்தான் நினைப்பு வந்துச்சு. கத்தக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வண்டி வேகம் எடுக்குது. சாப்பிடறேன்க்கான்னு ஒரு கத்து கத்தினேன். பிளாட்பாரத்துல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும்.